பனிப்பார்

ஈஸ்டர் முடிந்த இரண்டாம் வியாழக்கிழமை விடியலில் புன்னைமுனைக் கடலுக்குப் பனி வந்து சேர்ந்தது. எங்கோ வடக்கே, ஆறு மாதம் சூரியன் எழும்பாத ஒரு கடலுக்கு அடியில், நாற்பதாயிரம் வருஷமாக உறைந்து கிடந்த தரையில் ஒரு துண்டு, நீளம் இரண்டு மைல், அகலம் ஒரு மைல், கிடந்த இடம் அலுத்துப்போய்க் கிளம்பி, யாரிடமும் வழி கேட்காமல், பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, முத்துக்குளித்துறைக் கரையில் பதினாலு பாகம் ஆழத்தில், எண்பத்து நாலு அடிக்குக் கீழே, மெத்தை விரித்ததுபோலப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு வலை இழுத்த கஸ்பாரின் கையில் முதலில் பட்டது ஒரு நண்டு, அடுத்ததாகப் பட்டது அந்த நண்டு கட்டிப்பிடித்திருந்த பனிக்கட்டி. கஸ்பார் அதை உடைத்து வாயில் போட்டுச் சப்பிப் பார்த்தார். உப்பில்லை, பழைய புல்வாடை அடிக்கிறது என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். பிறகு நண்டைத் தனியாகவும் பனியைத் தனியாகவும் கூடையில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார்.

ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. மார்கழி மாதத்திலும் மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுக்கிற ஊர் அது. அப்படிப்பட்ட ஊர் நானூறு வருஷத்துக்கு மேலாகப் பனிமய மாதாவுக்குக் கோயில் கட்டி, கொடியேற்றி, பத்து நாள் திருவிழா எடுத்து, பனியின் தாயே எங்களைக் காப்பாற்று என்று வியர்க்க வியர்க்கப் பாடி வந்திருக்கிறது. பாட்டன் பாடினான், அப்பன் பாடினான், இப்போது பனி வந்திருக்கிறது, இதில் வியக்க என்ன இருக்கிறது? தூரம் கூடுதல், அதான் சுணங்கிட்டு என்றார்கள். கடலடியில் பாறைத் திட்டு இருந்தால் அதைப் பார் என்று சொல்லி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பது அந்தக் கரையின் வழக்கம் என்பதால், அன்று மத்தியானத்துக்குள் அதற்குப் பனிப்பார் என்று பெயர் விழுந்தது. சாயங்காலத்துக்குள் அதற்குச் சண்டையும் வந்தது. வடக்கே இருந்து வந்ததால் தங்களுக்குத்தான் என்றது வடக்குத் தெரு, தெற்கே பார்த்துக் கிடப்பதால் தங்களுக்குத்தான் என்றது தெற்குத் தெரு. ஐஸ் கம்பெனிக்காரர் மட்டும் இரண்டு தெருவுக்கும் பொதுவாக வருத்தப்பட்டு, நாற்பதாயிரம் வருஷத்துப் பழைய ஐஸில் மீனைப் போட்டால் மீனுக்கும் வயசாகிவிடும் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிப் பார்த்தார்.

பனிப்பாரைக் கண்டுபிடித்தவர் கஸ்பார், ஊர்க் கமிட்டித் தலைவரும் கஸ்பார். ஐம்பத்தெட்டு வயது, அகலமான நெஞ்சு. அலை அடிப்பதற்கு முன்பே அதற்குப் பதில் சொல்லக்கூடிய வள்ளக்காரர். தான் சொன்ன சொல்லை வாழ்நாளில் ஒருமுறைகூடத் திரும்ப வாங்காதவர் என்பது அவருடைய பெருமை, அவர் மனைவி பிலோமிக்கு அதுவே தலைவலி. பிலோமியின் தங்கை ஜெனோவா, தாய் செத்த வீட்டிலிருந்து ஆறு வயதில் அக்காளோடு வந்து இந்தக் கஸ்பார் வீட்டில் வளர்ந்தவள், இப்போது நாற்பத்தோரு வயதில் சென்னையிலுள்ள ஒரு கடலாய்வு நிறுவனத்தில் சோனார்க் கருவி வைத்துக் கடலடியை அளக்கிறவள். அவள் முதன்முதலாகக் கப்பல் ஏறப்போன வருஷம், பொம்பளை கால் பட்டால் வள்ளத்தில் மீன் விழாது என்று ஊர் பேசியது. அப்போது அவளைத் தன் வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் உட்காரவைத்து, கரையில் நின்ற அத்தனை பேரும் பார்க்கும்படி முனையை மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டியவர் கஸ்பார்தான். அன்றைக்கு மீனும் விழவில்லை. அதற்கும் காற்றைத்தான் குறை சொன்னாரே தவிர அவளைச் சொல்லவில்லை.

வடகடலில் இரண்டு கோடைகள் ஓர் அந்நியக் கப்பலில் இருந்து இதே உறைந்த தரையைத்தான் ஜெனோவா அளந்திருந்தாள். அக்காள் போனில் விஷயத்தைச் சொன்னதும், பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அங்கே அளந்த துண்டுகளில் ஒன்று காணாமல் போனதாகப் போன மாதம் ஒரு கடிதம் வந்திருந்தது, இங்கேயா வந்து கிடக்கிறது என்று நினைத்தாள், அவ்வளவுதான். சோனாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

கஸ்பாரின் வள்ளத்துப் பக்கவாட்டில் கருவியை ஒரு கம்பில் கட்டி இறக்கிவிட்டு, பனிப்பார் மேலே வயல் உழுவதுபோல மேலும் கீழுமாகப் போய் வந்தார்கள். கீழே ஒரு சத்தத்தை அனுப்பினால் அது தரையில் மோதித் திரும்பும், வழியில் காற்றுக்குமிழி இருந்தால் அதில் மோதி இன்னும் பலமாகத் திரும்பும், எவ்வளவு பலமாகத் திரும்புகிறது என்பதை வைத்து எத்தனை குமிழி, எத்தனை பெரிது, மணிக்கு எவ்வளவு வாயு என்று கண்டுபிடிக்கலாம். இதைச் சென்னையில் இயக்குநருக்கு விளங்கவைக்க ஜெனோவாவுக்கு மூன்று வருஷம் ஆயிற்று. மீன் தேடும் கருவியோடு பாதி வாழ்நாள் கழித்த கஸ்பாருக்கு மூன்று நிமிஷம் ஆயிற்று. திரையில் தரையிலிருந்து மேல் நோக்கி, ஒல்லியாக, நீரோட்டத்துக்குச் சாய்ந்து, உச்சி விரிந்து, ஒன்று, இரண்டு, நாலு என்று நின்றன.

"தென்ன மரம் மாதிரில்லா நிக்கி" என்றார் கஸ்பார்.

"மரம் இல்ல அத்தான், காத்து. பனி உருகுது. அதுக்குள்ள அடஞ்சு கெடந்த மீத்தேன் மேல வருது. வடக்க இதத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன்."

கரைக்கு வந்ததும் கஸ்பார் கமிட்டியைக் கூட்டி, கடலுக்குள் ஊருக்கு ஒரு தென்னந்தோப்பு இருப்பதாகத் தெரிவித்தார். அது என்ன வாயு, அது மேலே போனால் வானத்துக்கு என்ன ஆகும், இங்கே கிடக்கும் இத்தனூண்டு துண்டே இப்படி மூச்சு விட்டால் அங்கே கிடக்கும் மீதியெல்லாம் உருகினால் என்ன கதி என்று ஜெனோவா எழுந்து விளக்கினாள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடித்ததும், தேங்காய் எப்போது விழும் என்று ஒருவர் கேட்டார்.

தேங்காய்க்குப் பதிலாக ஒரு கொம்பு விழுந்தது. தெற்குத் தெரு வலையில், ஆளைவிட நீளமாக, அரிவாளைப்போல வளைந்து, கறுத்துப்போன ஒரு யானைத் தந்தம். ரோமம் போர்த்திய யானைகள் உலாவிய காலத்துத் தந்தம் அது என்று ஜெனோவா சொன்னாள். மூன்றாம் நாள், தந்தங்களுக்குப் பொறுப்பான இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கி, மீதி யானை எங்கே என்று கேட்டார்கள். அது செத்து நாற்பதாயிரம் வருஷமாயிற்று என்று சொன்னதையும் விடாமல் எழுதிக்கொண்டு, சம்பவம் நடந்த தேதி சாட்சிகளுக்குச் சரியாக நினைவில்லை, குற்றவாளி தலைமறைவு என்று ஒரு வழக்கைப் பதிந்துவிட்டுப் போனார்கள்.

மே மாதத்தில் தோப்பு நூற்றுப்பத்து மரமாயிற்று. பனிப்பார் மேலே கடல் கொதிப்பதுபோலக் கொப்பளித்தது. டீக்கடை குருஸ்மிக்கேல்தான் முதலில் அதற்குத் தீக்குச்சி கிழித்துப் போட்டது. தண்ணீர் மேல் நீலமாக எரிந்ததைப் பார்த்து வள்ளத்தில் இருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். குருஸ்மிக்கேல் மட்டும் தன் கடை அடுப்பை நினைத்துக்கொண்டான். பெரிய தகரப் புனலைக் கவிழ்த்து, அதன் வாலில் லாரி ட்யூபை மாட்டி, ட்யூப் ஊதிக்கொண்டதும் கட்டி, பத்தும் பதினைந்துமாகக் கறுப்பு ட்யூபுகளைக் கயிற்றில் கோத்து எருமைக் கூட்டத்தை ஓட்டி வருவதுபோலக் கரைக்கு இழுத்து வந்தான். அந்த அடுப்பில் போட்ட டீயில் சேற்று வாடை அடித்தது. அதுதான் அதன் குணம் என்று சொல்லி வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று குடித்தார்கள். புன்னைமுனையில் பனி பெய்கிறது என்று யாரோ செல்போனில் படம் போட்டுவிட்டதால், உள்நாட்டுக் குடும்பங்கள் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக வேன் பிடித்து வந்து, நூறு டிகிரி வெயிலில் மணலில் நின்று, கண்ணுக்குத் தெரியாத பனிக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு, மயங்கி விழுந்தார்கள். பனியைக் கொண்டுவந்தது தாங்கள்தான் என்று ஆளுங்கட்சி சுவரொட்டி ஒட்டியது. அது உருகுவது அவர்களால்தான் என்று எதிர்க்கட்சி பக்கத்துச் சுவரில் ஒட்டியது. உருகுகிறது என்ற விஷயத்தை ஜெனோவாவைத் தவிர ஒப்புக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்துச் சுவர்க்காரர்கள் மட்டும்தான்.

அவள் நாள் தவறாமல் அளந்தாள். அளந்ததையெல்லாம் சென்னைக்கு அனுப்பினாள். ஜூனில் இயக்குநரிடமிருந்து பதில் வந்தது. கடலடி உறைதரை என்பது வடதுருவத்தை ஒட்டிய கடல்களில் மட்டுமே காணப்படுவது. ஆகவே தாங்கள் அளந்தது இல்லாத ஒன்று. இல்லாத ஒன்றிலிருந்து வாயு வெளிவருமாயின் அதன் அளவு பூஜ்யமாகத்தான் இருத்தல் வேண்டும். கருவியைப் பழுது பார்க்கவும். ஜெனோவா கருவியைத் துடைத்து வைத்துவிட்டு, பிளாஸ்கில் ஒரு பனித்துண்டை அடைத்துச் சென்னைக்குப் பார்சல் போட்டாள். பார்சல் ஒன்பது நாள் ஊர் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. உள்ளே தண்ணீர் மட்டுமே இருந்தது, தண்ணீர் ஏற்கெனவே நம்மிடம் உள்ளது என்று ரசீது வந்தது.

ஜூலை நடுவில் குமிழிகளின் போக்கு மாறியது. மரம் மரமாக நின்றவை சேர்ந்து ஒரே அடியாகக் கிளம்பி, கடலைப் பால்போலப் பொங்கவைத்து, எண்பத்தைந்திலிருந்து தொண்ணூறு விநாடி பொங்கிவிட்டு, அப்புறம் ஐந்து நிமிஷம் சோர்ந்து கிடந்து, மறுபடி பொங்கின. பனிப்பார் நடுவே அடையாளத்துக்கு மிதக்கவிட்டிருந்த காலி டிரம் ஒன்று அப்படி ஒரு பொங்கலின்போது, புரளாமல், தள்ளாடாமல், நின்ற வாக்கில் கீழே இறங்கிப் போனதை ஜெனோவா கண்ணால் பார்த்தாள். தண்ணீரில் பாதி காற்றாகிவிட்டால் அது தண்ணீர் இல்லை, எதையும் தாங்காது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஏனென்றால் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி மாதாவின் திருநாள். அந்த வருஷம் மாதாவின் சொரூபத்தை வள்ளத்தில் ஏற்றி, இருநூறு வள்ளம் பின்தொடர, பனிப்பாரின் நடுமையத்துக்கே கடல் பவனி கொண்டுபோய் அங்கே வைத்துப் பூசை செய்வது என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. பங்குச்சாமியார் அமலதாஸுக்குக் கொஞ்சம் தயக்கம். ஆனால் பக்கத்து ஊர்ப் பங்குகளிலிருந்து கூட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டதும் அந்தத் தயக்கத்தை அவர் கர்த்தரிடம் ஒப்படைத்துவிட்டார்.

கோயில் மண்டபத்தில் ஊரைக் கூட்டி ஜெனோவா ஒரு சோதனை செய்து காட்டினாள். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அடியில் பொடிப்பொடித் துளை போட்ட குழாயை வளைத்து வைத்து, மேலே ஒரு மர வள்ளப் பொம்மையை மிதக்கவிட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்தாள். தொட்டி பொங்கியது. வள்ளம் நின்ற வாக்கில் முழுகியது. மண்டபம் கைதட்டியது. இன்னொரு தடவை காட்டச் சொன்னார்கள், காட்டினாள். பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை என்றார்கள், அவர்களை முன்னால் வரவழைத்து மூன்றாம் தடவையும் காட்டினாள். பிறகு கமிட்டிச் செயலாளர் எழுந்து, அறிவுபூர்வமான இந்த விளக்கத்துக்கு நன்றி சொல்லி, அந்தத் தொட்டியில் இனி யாரும் வள்ளம் இறக்கக் கூடாது என்று முன்மொழிந்தார். வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் பல வருஷங்களுக்குப் பிறகு ஒருமித்துக் கையைத் தூக்கின.

கூட்டம் கலைந்த பிறகு ஜெனோவா கஸ்பாரைக் கோயில் வாசலில் மறித்தாள். அவள் அவரிடம் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஒங்களுக்குப் புரிஞ்சிருக்கு அத்தான். இவங்களுக்குப் புரியல, ஒங்களுக்குப் புரிஞ்சிருக்கு. டிரம்மு போன எடத்த நீங்களும் பாத்தீய."

"டிரம்முல மாதா இல்ல" என்றார் கஸ்பார்.

"மாதா இருந்தாலும் தண்ணி தண்ணிதான்."

"நான் ஊர் நடுவுல சொன்ன சொல்லு, ஜெனோ. பவனி பனிப்பாருக்குப் போகும்னு சொல்லிட்டேன். நீ எண்ணுத வேலையப் பாரு, நான் ஓட்டுத வேலையப் பாக்குதேன்."

அவர் போய்விட்டார். ஜெனோவா வீட்டுக்கு வந்து அழுதாள். பிலோமி பக்கத்தில் உட்கார்ந்து மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே, முப்பத்தைந்து வருஷத்தில் இந்த மனுஷன் பின்வாங்கியதை நான் பார்த்ததில்லை, கடல் பின்வாங்கியதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அதுவும் நல்லதுக்கில்லை என்றாள்.

கொடியேறிய நாளிலிருந்து கஸ்பாரின் திமிர் பொறுக்கமுடியாததாகிவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டது. பனிப்பாரைச் சுற்றிச் சிவப்புக் கொடி நட்ட மிதவைகளைப் போட்டு, மாதாவுக்கு முந்தி எவனும் அந்தக் கொடியைத் தாண்டக் கூடாது என்றார். அது நியாயம்தான் என்றார்கள். ஐந்தாம் தேதி காலையில், மாதாவுக்குப் பிந்தியும் எவனும் தாண்டக் கூடாது என்றார். அது அநியாயம் என்றார்கள். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்திருந்த பங்குச்சாமியாரைக் கைகொடுத்து இறக்கி, சாமியாருக்கு இடம் பீடத்தில், கடலில் இல்லை என்றார். குளிர்க்கண்ணாடியும் சால்வையுமாக வந்து நின்ற எம்.எல்.ஏ.விடம், நாற்பது நாள் ஒருசந்தி நோன்பு இருந்தவன்தான் மாதாவின் வள்ளத்தில் ஏறலாம், இது பரம்பரை வழக்கம் என்று, அன்று காலையில் பிறந்த ஒரு வழக்கத்தைச் சொன்னார். பேண்டு வாத்தியக்காரர்களை இறக்கினார். பலிபீடத் துணையாட்களை இறக்கினார். தன் வள்ளத்திலேயே இருபது வருஷம் கூட வேலை பார்த்த இரண்டு பேரை, மூஞ்சி சரியில்லை என்று திட்டி இறக்கினார். கடைசியில் பூவும் சரிகையுமாகச் சோடித்த அந்தப் பெரிய வள்ளத்தில் மாதாவும் கஸ்பாரும் மட்டும் மிஞ்சினார்கள். மாதாவோடு தனியாகப் போய்ப் பேர் வாங்கப் பார்க்கிறான் என்று இருநூறு வள்ளமும் முணுமுணுத்தது. பட்டுச் சட்டைக்குள் அவர் வழக்கத்தைவிடப் பருத்துத் தெரிந்ததை, திருவிழாச் சாப்பாடு என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜெனோவா சோனாரைக் கட்டிய ஒரு வாடகைப் படகில் கொடிக்கு வெளியே, திரைக்கு முன்னால் இருந்தாள். கஸ்பார் கொடியைத் தாண்டினார். ஒருமுறை அவள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது. இருநூறு வள்ளங்களிலிருந்தும் மாதா பிரார்த்தனை எழும்பி வந்தது. பதிமூன்றாவது மன்றாட்டு முடிந்து எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டிருக்கையில் திரையில் மரங்கள் ஒன்றோடொன்று சாய்ந்து ஒட்டி ஒரே மரமாகின. வெளியே கடல் வெளுத்தது. வள்ளம் சாயவில்லை, ஆடவில்லை. கஸ்பார் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் முழங்காலளவு, இடுப்பளவு, மாதாவின் கிரீடத்தளவு என்று, லிப்டில் இறங்குவதுபோல நேராகக் கீழே போனது. திரையில் ஒரு தடித்த கறை மேலிருந்து கீழாக இறங்கிப் பதினாலு பாகத்தில் போய் உட்கார்ந்தது.

இருநூறு வள்ளமும் ஒரே நேரத்தில் எஞ்சினைக் கிளப்பின. கஸ்பாரைத் திட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கஸ்பாருக்காகச் சாக வந்தார்கள். ஜெனோவா தன் படகைக் கொடியின் குறுக்கே விட்டு, வாழ்நாளில் பேசாத கெட்ட வார்த்தைகளெல்லாம் பேசி அவர்களை மறித்தாள். விடு, விடு என்று கத்தினார்கள். ஒருவன் துடுப்பை ஓங்கினான். அக்காள் புருஷன் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிசாசே என்றான் தெற்குத் தெருக்காரன். அவள் வாய் திட்டிக்கொண்டிருந்தது, மனசு எண்ணிக்கொண்டிருந்தது. நாற்பது. அறுபது. எழுபது. எண்பத்தேழில் கடல் அடங்கி, தண்ணீர் மறுபடி தண்ணீராயிற்று. "இப்பப் போங்க" என்றாள். "அஞ்சு நிமிஷந்தான். அதுக்குள்ள வெளிய வந்துரணும்."

அவர்கள் போவதற்குள்ளாகவே கஸ்பார் மேலே வந்துவிட்டார். சட்டை கிழிந்து தொங்க, உள்ளே போட்டிருந்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் வெயிலில் பளபளக்க, பனியில் போட்ட மீனைப்போல நீலம் பாய்ந்து, பல்லெல்லாம் அடித்துக்கொள்ள வந்தார். தூக்கிப்போட்டுக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். குளிரில் விறைத்துப்போன நோயாளியை அதுவரை பார்த்திராத அந்தக் கரையின் டாக்டர், ஆகஸ்ட் மாதத்து வெயிலில் என்ன எழுதுவது என்று யோசித்துவிட்டு, வெயில் தாக்குதல் என்று சீட்டில் எழுதி, ஆனால் நல்லவேளையாகக் கம்பளியைக் கொடுத்தார்.

மறுநாள் சங்கு குளிக்கிறவர்கள், ஜெனோவா விநாடி சொல்லச் சொல்ல, பொங்கலுக்கும் பொங்கலுக்கும் நடுவே இறங்கினார்கள். மாதா வள்ளத்தைவிட்டு நழுவி, பனி மேல் நேராக நின்றுகொண்டிருந்தாளாம், மூக்கில் மட்டும் ஒரு சிராய்ப்பாம். கயிறு கட்டி மேலே கொண்டுவந்தார்கள். அத்தோடு விஷயம் விளங்கிவிட்டது. நானூறு வருஷமாகப் பெயரில் மட்டும் வைத்திருந்த பனியை மாதா பார்க்க ஆசைப்பட்டாள், கஸ்பாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டாள், பார்த்தாள், அவனைத் திருப்பி அனுப்பினாள். தண்ணீருக்குள் மாதா தன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதாகக் கஸ்பாரும் சொன்னார். லைஃப் ஜாக்கெட் ஏன் போட்டிருந்தீர் என்று யாரும் கேட்கவில்லை, பிலோமிகூட. அவள் அதைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டதோடு சரி. ஒருவரையும் பலி கொடுக்காமல் பவனி சிறப்பாக நிறைவேறியதற்காக மாதாவுக்கும், பங்குச்சாமியாருக்கும், எம்.எல்.ஏ.வுக்கும், இரண்டரை மணி நேரம் கழித்து வந்து சேர்ந்த மீட்புப் படகுக்கும், பேண்டு வாத்தியக் குழுவுக்கும் கமிட்டி நன்றித் தீர்மானம் போட்டது. விசாரணைக்கென்று மேலிடத்திலிருந்து வந்த மூவர், கரையிலேயே இருந்து டீ குடித்துவிட்டு, வள்ளத்தில் ஆள் குறைவாக இருந்ததே விபத்துக்குக் காரணம், அடுத்த வருஷம் குறைந்தது முப்பது பேரை ஏற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷத்துக்குப் பனி இருக்கவில்லை. செப்டம்பரில் தோப்பு மெலிந்து, அக்டோபரில் நாலைந்து மரமாகி, ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் திரை வெறுமையாயிற்று. கடலடியில் ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சியது, அதில் நண்டு குடியேறியது. குருஸ்மிக்கேல் பழையபடி சிலிண்டர் வாங்கிப் போட்டுக்கொண்டு, டீயில் பழைய ருசி இல்லை என்று வந்தவர்களோடு சேர்ந்து தானும் குறைப்பட்டான். ஸ்வெட்டர்கள் குறைந்த விலைக்குப் போயின. அங்கே அப்படி ஒன்று கிடந்ததாக இன்னொரு ஊர்க்காரன் சொன்னால் ஆமாம் என்றார்கள், கிடக்கவில்லை என்றாலும் ஆமாம் என்றார்கள். மூக்கில் சிராய்ப்பிருந்த மாதாவுக்குப் புதிதாக வர்ணம் அடித்தபோது அந்தச் சிராய்ப்பும் போய்விட்டது.

ஜெனோவா கடைசிக் கணக்கைக் கூட்டி முடித்து, அறிக்கையை நிறுவனத்தின் கணினியில் ஏற்றப் போனாள். இடம் என்ற கட்டத்தில் வடதுருவக் கடல்களின் ஏழு பெயர்கள்தான் இருந்தன, எட்டாவதை அது வாங்கவில்லை. ஏழில் ஒன்றைப் பொய்யாகக் குறித்தால் வாங்கிக்கொள்ளும் என்று ஆலோசனை சொன்னார்கள். அவள் குறிக்கவில்லை. வடக்கே போகும் அடுத்த கப்பலில் தனக்கு இடம் கேட்டு எழுதினாள், நல்லவேளை, உடனே கிடைத்துவிட்டது. இல்லாததை அளக்கிற ஆளை இருக்கிற இடத்துக்கு அனுப்புவதில் இயக்குநருக்கும் சந்தோஷம்தான்.

அவள் கிளம்பிய அன்று மழை விட்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் கூடைக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேரும், கமிட்டிச் செயலாளரும், டீக்கடை வாசலில் குருஸ்மிக்கேலும் இருந்தார்கள். வழியனுப்ப வரமாட்டேன் என்று காலையில் சொல்லியிருந்த கஸ்பார், வேறு ஏதோ வேலையாக வந்தவர்போல வந்து, அவள் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். முழுகி எழுந்ததிலிருந்து அவருக்கு இடது காது கேட்பதில்லை, வலது காதும் அதற்குத் துணை போய்க்கொண்டிருந்தது.

"மொத்தம் எம்புட்டு வந்துச்சு?" என்று கேட்டார்.

ஏழு மாதத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. சென்னையும் கேட்டதில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள்.

"என்ன?" என்றார் கஸ்பார், காதைத் திருப்பிக்கொண்டு.

"நானூத்திப் பன்னெண்டு டன்னு அத்தான்."

"சத்தமாச் சொல்லு தாயி."

"நானூத்திப் பன்னெண்டு டன்னு!" என்று ஜெனோவா கத்தினாள். கூடைக்காரிகள் பேச்சை நிறுத்தினார்கள். குருஸ்மிக்கேல் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்தில் நிறுத்தினான். செயலாளர், கமிட்டிக்கு ஏதாவது வரவேண்டியிருக்கிறதோ என்று பக்கத்தில் வந்தார். எது நானூற்றுப் பன்னிரண்டு டன் என்று ஒரு கூடைக்காரி விசாரித்தாள். பனிப்பாரிலிருந்து வந்த காற்று என்று ஜெனோவா சொன்னதும், அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காற்றுக்கு ஏது எடை, மதினி படித்துப் படித்து மண்டை குழம்பிவிட்டது என்று அவள் சொல்ல, மற்றவர்களும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார்.

கஸ்பார் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"எடை உண்டு" என்றார், காது கேளாதவர்களுக்கே உரிய பெருங்குரலில், கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி. "நான் அதும்மேல நின்னு பாத்திருக்கேன். மனுசனத் தாங்காது."